ரப்பர் நகரத்துப் பையன்கள்

என் மகள் சின்னவளாக இருந்தபோது சாயங்காலமானால் வீட்டில் ஒரு மெட்டு கேட்கும். பொம்மைப் பியானோவை ஒரு குழந்தை ஒற்றை விரலால் தட்டுவது போல இருக்கும். 'ரக்ராட்ஸ்' என்ற கார்ட்டூனின் தொடக்க இசை அது. அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டே எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். யார் போட்டது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. போன மாதம் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, நம்ம ரக்ராட்ஸ் மியூசிக் போட்டவரோட கதை நெட்ஃபிளிக்ஸ்ல வந்திருக்கு. பாருங்கப்பா. முதல்ல சிரிப்பா வரும். அப்புறம் வராது."

அன்று ராத்திரியே பார்த்தேன். கிறிஸ் ஸ்மித் எடுத்த 'டீவோ' என்ற ஆவணப்படம். திரையில் ஐந்து பேர், ஒரே மாதிரி உடை, தலையில் அடுக்கடுக்காக ஏறிப்போகும் சிவப்பு பிளாஸ்டிக் தொப்பி. கவிழ்த்து வைத்த பூந்தொட்டி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இந்தத் தொப்பியும் 'விப் இட்' என்கிற பாட்டும், அவ்வளவுதான் டீவோ என்ற இசைக்குழு என்று நானும் நினைத்திருந்தேன். எண்பதுகளின் வேடிக்கைகளில் ஒன்று. மகள் சொன்னது சரி. சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. மூன்று வாரமாக அவர்களுடைய பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் என்றொரு ஊர். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச், ஜெனரல் டயர் என்று அமெரிக்காவின் பெரிய டயர் கம்பெனிகள் நான்கும் அங்கே வளர்ந்தவை. உலகத்தின் ரப்பர் தலைநகரம் என்று அந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொண்டது. டீவோவைத் தொடங்கிய மார்க் மதர்ஸ்பாவும் ஜெரால்ட் கசாலேயும் அந்தப் பகுதிப் பிள்ளைகள். மதர்ஸ்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கண் பார்வை மிக மோசம். பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகுதான் அதைக் கண்டுபிடித்தார்கள். முதன்முதலாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்த அன்று மரத்தின் உச்சியையும் மேகத்தையும் பறவையையும் பார்த்துத் திகைத்துப் போனதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை உலகம் அவருக்கு ஒரு மங்கல். உலகத்தைத் திடீரென்று ஒரே நாளில் பார்த்த குழந்தை அதை எப்போதும் கொஞ்சம் வேற்றுக்கிரகம் போலத்தான் பார்க்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக்ரனுக்குப் பக்கத்தில்தான் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். ஓவியமும் கலையும் படிக்க இருவரும் அங்கே போனார்கள்.

1970 ஏப்ரல் 30 அன்று, அமெரிக்கப் படை கம்போடியாவுக்குள் நுழைகிறது என்று அதிபர் நிக்சன் அறிவித்தார். வியட்நாம் போர் முடியும் என்று காத்திருந்த மாணவர்கள் கொதித்தார்கள். கென்ட் ஸ்டேட் வளாகத்துக்குத் தேசியக் காவல்படை வந்து இறங்கியது. மே 4, திங்கட்கிழமை, நண்பகல். புல்வெளியில் கூடிய மாணவர்களைக் கண்ணீர்ப்புகை வீசி விரட்டிக்கொண்டே மேடேறிய படையினர், மேட்டின் உச்சியில் சட்டென்று திரும்பிச் சுட்டார்கள். 13 வினாடி. 67 குண்டு. 4 மாணவர்கள் இறந்தார்கள், 9 பேர் காயம்பட்டார்கள். இறந்த நால்வரில் இருவர் வகுப்புக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள். மற்ற இருவர், ஆலிசன் கிராஸ், ஜெஃப்ரி மில்லர். இந்த இரண்டு பேரையும் கசாலேக்குத் தெரியும். குப்புறக் கிடக்கும் ஓர் உடலின் பக்கத்தில் மண்டியிட்டு ஒரு பெண் கைவிரித்துக் கதறும் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கிடப்பவர் ஜெஃப்ரி மில்லர்.

கசாலே அன்று அந்தக் கூட்டத்தில் நின்றார். அந்த நாள் இல்லாவிட்டால் டீவோ இல்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவருகிறார். பூவும் அன்பும் உலகத்தை மாற்றிவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு அந்தப் 13 வினாடியில் போய்விட்டது. அந்தப் பருவம் முழுக்கப் பல்கலைக்கழகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். போக இடமில்லாத பையன்கள் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கட்டத் தொடங்கினார்கள்.

கசாலேயும் அவருடைய நண்பர் பாப் லூயிஸும் முன்பே விளையாட்டாகப் பேசிவந்த ஒரு எண்ணம் இப்போது விளையாட்டாக இல்லை. மனிதகுலம் முன்னேறவில்லை, பின்னேறிக்கொண்டிருக்கிறது. எவல்யூஷன் அல்ல, டீ-எவல்யூஷன். அதைச் சுருக்கினால் டீவோ. இதற்கான சரக்கை அவர்கள் எங்கெங்கிருந்தோ பொறுக்கினார்கள். பரிணாமக் கொள்கையைத் திட்டி 1924இல் ஒரு மதப் பிரசாரகர் போட்ட சிறு புத்தகம், குரங்கு குரங்கின் மூளையைத் தின்றதால்தான் மனிதன் பிறந்தான் என்று சாதித்த இன்னொரு புத்தகம், எச். ஜி. வெல்ஸின் டாக்டர் மோரோ கதையை வைத்து 1932இல் வந்த 'ஐலண்ட் ஆஃப் லாஸ்ட் சோல்ஸ்' படம். அந்தப் படத்தில், மிருகத்தை அறுத்து மனிதனாக்கும் விஞ்ஞானியின் எதிரே அரைமனிதர்கள் நின்று தாங்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் டீவோவின் முதல் ஆல்பத்துக்குப் பெயரானது. நாங்கள் டீவோ என்ற பதிலை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

விண்கலமும் லேசர் துப்பாக்கியும்தான் விஞ்ஞானப் புனைகதை என்று நினைப்பவர்களுக்கு இவர்கள் பிடிபட மாட்டார்கள். இவர்களுடைய எதிர்காலம் ஆக்ரன் டயர் பட்டறையிலிருந்து வந்தது. அவர்களுடைய பிரபலமான மஞ்சள் உடை ரசாயனக் கழிவு அள்ளுபவர்களுக்கான பாதுகாப்பு உடை. தொழிற்சாலைச் சாமான் விற்பவரிடம் வாங்கியது. தங்களையும் ரசிகர்களையும் அவர்கள் உருளைக்கிழங்கு என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். மண்ணுக்குள் கிடக்கும், அழுக்காக இருக்கும், ஏழை பாழை எல்லாரும் தின்பது, உடம்பெல்லாம் கண். மதர்ஸ்பா ரப்பர்க் குழந்தை முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு 'பூஜி பாய்' ஆனார். அவருடைய அப்பா ராணுவ உடை போட்டுக்கொண்டு 'ஜெனரல் பாய்' என்ற பெயரில் அவர்களுடைய குறும்படத்தில் நடித்தார். இதை முதலில் பார்த்தபோது நானும் சிரித்தேன். பிறகு யோசித்தேன். சீருடைக்காரர்கள் தோழர்களைச் சுட்டுக்கொன்று ஏறக்குறைய ஆறு வருடமே ஆன நிலையில், பெற்ற தகப்பன் மகனுக்காகச் சீருடை மாட்டிக் கோமாளியாக நிற்கிறார். எவ்வளவு பெரிய ஆறுதலாக அது அந்தப் பையன்களுக்கு இருந்திருக்கும்!

குழு அமைந்ததே இரண்டு ஜோடி அண்ணன் தம்பிகளால். மதர்ஸ்பா வீட்டிலிருந்து மார்க்கும் பாபும். கசாலே வீட்டிலிருந்து ஜெரால்டும் இன்னொரு பாபும். ஆகவே பாப் 1, பாப் 2. டிரம்ஸுக்கு 1976இல் ஆலன் மையர்ஸ் வந்தார். நடக்கும் கடிகாரம் போல வாசிப்பார், ஒரு முடி தப்பாது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1973இல் கென்ட் ஸ்டேட் கலைவிழாவில் முதல் மேடை. பிறகு பல வருடம் ஊர் அவர்களைச் சீந்தவில்லை. பிரபலக் குழுக்களின் பாட்டை வாசிப்போம் என்று பொய் சொல்லி மதுக்கடை மேடைகளில் இடம் வாங்குவார்கள். ஏறியதும் தங்கள் பாட்டைத் தொடங்குவார்கள். 1975 ஹாலோவீன் இரவு, கிளீவ்லாந்தில் ஜாஸ் மேதை சன் ராவுக்கு முன்னால் வாசித்தபோது கூட்டம் பீர் கேனை எறிந்தது. அன்று வாசித்த 'ஜாக்கோ ஹோமோ'வின் மெட்டு ஏழு எண்ணிக்கையில் ஓடும். மிஸ்ர சாப்பு பழகிய காதுக்கு ஏழு புதிதல்ல. நாலு நாலாகத் தட்டிப் பழகிய ராக் ரசிகனுக்கோ எட்டை எதிர்பார்த்த கால் ஏழிலேயே தடுக்கும். ஆடவும் முடியாது, நிற்கவும் முடியாது. அது வேண்டுமென்றே செய்த தடுக்கல். நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்க் இளைஞர்கள் கோபத்தைக் கத்தித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். டீவோவின் கோபம் விறைத்து நின்றது. பழுதான இயந்திரம் ஒரே இடத்தில் உதறுவது போல உதறியது. எனக்கு அந்தக் கோபம்தான் அதிகம் பயம் தருகிறது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகம். சக் ஸ்டாட்லர் இயக்கிய அவர்களுடைய குறும்படம் 1977இல் ஆன் ஆர்பர் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. டெமோ டேப் ராக் பாடகர்கள் டேவிட் போவியிடமும் இக்கி பாப்பிடமும் போனது. நியூயார்க் மேடையில் போவியே ஏறி அறிமுகம் செய்துவைத்தார். ஜெர்மனியில் கொலோன் நகருக்குப் பக்கத்தில் கோனி பிளாங்கின் ஸ்டூடியோவில் பிரையன் ஈனோ தயாரிக்க, 1978இல் முதல் ஆல்பம் வந்தது. அதில் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டை நட்டு நட்டாகக் கழற்றி வேறு மாதிரி பூட்டியிருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கித்தார் முழக்கத்தையே காணோம். அந்தக் குழுவின் பாடகர் மிக் ஜேகரிடம் போட்டுக் காட்டியபோது அவர் எழுந்து ஆடினாராம். அதே வருடம் அக்டோபர் 14 அன்று 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் மஞ்சள் உடையோடு தோன்றினார்கள். நாடு முழுக்கப் பார்த்தது.

இதில் ஒரு வருத்தமான விஷயம், டீ-எவல்யூஷன் எண்ணத்தின் பாதிச் சொந்தக்காரரான பாப் லூயிஸ் வழக்கு மன்றத்தில் நின்றுதான் தன் பங்கைக் கேட்க வேண்டியிருந்தது. சமரசமாக முடிந்தது. நல்ல எண்ணங்கள் நண்பர்கள் நடுவே பிறக்கும்போது யாரும் ரசீது போடுவதில்லை.

1980. 'ஃப்ரீடம் ஆஃப் சாய்ஸ்' ஆல்பம், சிவப்புத் தொப்பி, 'விப் இட்'. பில்போர்டு பட்டியலில் 14ஆம் இடம்வரை அந்தப் பாட்டு ஏறியது. அடுத்த வருடம் எம்டிவி என்ற இசைச் சேனல் தொடங்கியபோது ஒளிபரப்ப அவர்களிடம் வீடியோ குறைவு. டீவோவிடமோ வருடக்கணக்காக எடுத்துச் சேர்த்த படங்கள் இருந்தன. வீடுதோறும் தொப்பி போய்ச் சேர்ந்தது. தலையிலிருந்து வீணாகும் சக்தியைப் பிடித்துத் திருப்பித் தரும் கருவி என்று அவர்கள் அதற்கு விளக்கம் சொன்னார்கள். ஜனங்களுக்குத் தொப்பி பிடித்தது. தொப்பிக்குக் கீழே இருந்த கென்ட் ஸ்டேட்டைப் பெரும்பாலானவர்கள் கேட்கவில்லை. கேட்டவர்களில் ஒருவர் நீல் யங். அந்த நால்வர் சாவுக்குச் சில வாரத்துக்குள் 'ஒஹாயோ' பாட்டை எழுதியவர் அவர். தன்னுடைய 'ஹியூமன் ஹைவே' படத்தில் டீவோவை அணுக்கழிவு அள்ளும் தொழிலாளர்களாக நடிக்க வைத்தார்.

பிறகு வந்தது சரிவு. 1984இல் வந்த 'ஷவுட்' ஆல்பத்தை பெரும்பாலும் ஃபேர்லைட் என்ற கணினிக் கருவியிலேயே கட்டினார்கள். தாளம்கூட அதில்தான். ஆல்பம் விற்கவில்லை, வார்னர் கம்பெனி அவர்களைக் கைகழுவியது. ஆலன் மையர்ஸ் விலகிக்கொண்டார். இயந்திரம் போல வாசித்த அந்த மனிதருக்கு, இயந்திரமே வந்த பிறகு செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. நான் முதல் ஆல்பத்தையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். 1978இல் மையர்ஸின் தாளத்தில், அவ்வளவு துல்லியத்துக்கும் அடியில், ஒரு மனிதன் தன்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் பிரயாசை கேட்கிறது. மணிக்கட்டு வலிப்பது கேட்கிறது. 1984இல் அது இல்லை. சத்தம் பெரிது, ஆள் இல்லை. மனிதன் இயந்திரமாகிவிடுவான் என்று நாட்டையே எச்சரித்தவர்களின் வீட்டிலேயே அது நடந்ததை நினைத்தால் மனசு கனக்கிறது.

அதற்கப்புறம் இரண்டு ஆல்பம், சின்னக் கம்பெனி, சின்ன அரங்கங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நின்றுபோனது. அந்த நேரத்தில்தான் மார்க் மதர்ஸ்பா எங்கள் வீட்டுக்குள் வந்த அந்த ஒற்றை விரல் மெட்டைப் போட்டார். வெஸ் ஆண்டர்சன் படங்கள், 'லெகோ மூவி', 'தோர்: ராக்னராக்' என்று சினிமாவுக்கு இசையமைத்து இன்னொரு வாழ்க்கையே வாழ்ந்தார். நடுவில் குழு மறுபடி சேர்ந்தது. 2010இல் ஒரு ஆல்பம்கூட வந்தது. 2013இல் ஆலன் மையர்ஸ் புற்றுநோயில் போனார். அடுத்த வருடம் பாப் 2. 2020இல் மார்க்குக்குக் கொரோனா. 18 நாள் ஆஸ்பத்திரி, வென்டிலேட்டர், பிழைப்பாரா என்பதே தெரியாத நிலை. 42 வருடம் முன்பு அவர்கள் மாட்டிக்கொண்ட அந்தப் பாதுகாப்பு உடையை உலகம் முழுக்க டாக்டர்களும் நர்ஸ்களும் மாட்டிக்கொண்டு நின்ற நேரம் அது.

பிழைத்து எழுந்து வந்தார். எழுபது தாண்டிய வயதில் அந்த மஞ்சள் உடையைப் போட்டுக்கொண்டு மேடையில் குதிக்கிறார்கள்.

ஆவணப்படம் முடிந்த பிறகும் தூக்கம் வராமல் அவர்களுடைய பழைய கச்சேரி ஒன்றைத் தேடிப் போட்டேன். கடைசிப் பாட்டு 'பியூட்டிஃபுல் வேர்ல்ட்'. 1981இல் அதற்குக் கசாலே எடுத்த வீடியோவில் முதலில் பழைய விளம்பரப் படங்கள், சிரிக்கும் குடும்பங்கள், பளபளக்கும் எதிர்காலக் கார்கள். பாட்டு போகப் போகப் பஞ்சம், போர், முக்காடிட்ட வெள்ளை இனவெறிக் கூட்டம். மேடையில் அந்தப் பாட்டுக்கு மார்க் உள்ளே போய் பூஜி பாய் முகமூடியோடு திரும்பி வருகிறார். குழந்தைக் குரலில் பாடுகிறார். பாட்டின் நடுவில் கை நிறையச் சின்ன ரப்பர் பந்துகளை அள்ளி அள்ளிக் கூட்டத்துக்குள் எறிகிறார். அவை விழுந்த இடத்தில் நிற்கவில்லை. தரையில் மோதி, தலைகளுக்கு மேலே எழும்பி, விளக்கு வெளிச்சத்தில் எங்கெங்கோ துள்ளிக்கொண்டிருந்தன.