பூட்டு யாருக்காக?



பள்ளியின் கணிப்பொறிக் கூடத்தில் ஒரு கோப்பைத் திறக்க முயல்கிறீர்கள். “உங்களுக்கு அனுமதி இல்லை” என்று திரையில் ஓர் அறிவிப்பு தோன்றுகிறது. உடனே கோபம் வருகிறதல்லவா? நம்மைத் திருடர்கள் என்றா நினைக்கிறார்கள் என்றுகூடக் கேட்கத் தோன்றும். கணிப்பொறியில் கட்டுப்பாடுகள் எதற்காக ஏற்பட்டன என்பதைப் பார்த்தால், அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறையை, 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவருடைய குழுவினரும் செய்து காட்டினர். பலர் புழங்கும் இடமாதலால், ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் தரப்பட்டது. பின்னர் ஒருமுறை அங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. கணிப்பொறிக்குள் நுழைந்த ஒவ்வொருவர் முன்னும், வழக்கமான வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியல் வந்து நின்றது!

இது எந்தத் திருடனின் வேலை? எவருடையதும் அன்று. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டிருந்தனர். ஒருவர் வரவேற்புச் செய்தியைத் திருத்தினார். மற்றவர் கடவுச்சொல் பட்டியலைத் திருத்தினார். திருத்தும் நிரல் இருவருடைய தற்காலிகக் கோப்புகளுக்கும் ஒரே பெயரைச் சூட்டியது. கோப்புகள் இடம் மாறிவிட்டன. முழு அதிகாரம் பெற்ற நல்லவர்களே, தம்மை அறியாமல் பூட்டைத் திறந்துவிட்டார்கள்.

இதே கழகத்தில் ஆராய்ச்சி செய்த ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இருவர், 1975இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு விதியை வலியுறுத்தினர். ஒருவருக்கு அவருடைய வேலைக்குத் தேவையான உரிமை மட்டுமே இருக்கவேண்டும்; அதற்கு மேல் வேண்டாம். இந்த விதியின் முதற்பயனாக அவர்கள் சொன்னது, விபத்தாலும் பிழையாலும் விளையும் சேதம் குறையும் என்பதே.

இப்போது ஒரு சிறு அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். கோப்புகள் எல்லாம் சர்வர் எனப்படும் ஒரு பொதுக் கணிப்பொறியில் இருக்கின்றன. சம்பளப் பட்டியலை யார் பார்க்கலாம்? யார் திருத்தலாம்?

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸின் வழிமுறை இதற்கு எளிய கணக்கு ஒன்றைத் தருகிறது. படிக்கும் உரிமைக்கு 4, எழுதும் உரிமைக்கு 2, இயக்கும் உரிமைக்கு 1. கோப்பின் உரிமையாளர், அவருடைய குழு, மற்றவர் என மூன்று வகையினர். ஆகவே மூன்று இலக்கங்கள். சம்பளப் பட்டியலுக்கு 640 என்று குறித்தால், கணக்கர் படிக்கலாம், எழுதலாம், மேலாளர் குழு படிக்க மட்டும் செய்யலாம், மற்றவர்க்கு ஒன்றுமில்லை. ஏன் 4, 2, 1? இவற்றை எப்படிக் கூட்டினாலும் விடையில் குழப்பம் வராது. 6 என்றால் 4ம் 2ம்தான். 5 என்றால் 4ம் 1ம்தான். இரும எண்முறையின் அழகு இது!

கணக்கு எளிது, ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் அறிவு வேண்டும். முதற்பூட்டு நிர்வாகிக்கே போடப்பட வேண்டும் என்பது என் கருத்து. கடிதம் படிப்பது போன்ற அன்றாட வேலைகளை அவர் சாதாரணப் பயனாளராகவே செய்யட்டும். தேவை வரும்போது மட்டும் நிர்வாகியாக நுழையட்டும். ஏனெனில் ஒரு தீய நிரல், தன்னைத் திறந்தவருக்கு உள்ள உரிமைகளோடுதான் பொதுவாக இயங்கத் தொடங்குகிறது. கணக்கர் திறந்தால் கணக்குக் கோப்புகள் கெடலாம். நிர்வாகி திறந்தால் அலுவலகமே முடங்கலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் இறுகப் பூட்டிவிடலாமா? கூடாது. 1962இல் அதே கழகத்தில் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவருக்கு, ஒதுக்கப்பட்ட கணிப்பொறி நேரம் போதவில்லை. அவர் கடவுச்சொல் பட்டியலையே அச்சிட்டு எடுத்து, பிறர் கணக்கில் வேலை செய்தார்! அவர் செய்தது சரி என்று நான் கூறவில்லை. ஆனால் வேலைக்குத் தடையாகும் பூட்டு, குறுக்கு வழியைத் தேடத் தூண்டும். கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றக் கட்டாயப்படுத்தினால், மக்கள் பழைய சொல்லோடு ஓர் எண்ணைச் சேர்த்துச் சமாளிக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனம், அந்தக் கட்டாயம் வேண்டாம் என்று 2017இல் அறிவுரை கூறியது. தடை இருந்தால், அதற்கான காரணத்தையும், யாரைக் கேட்டு உரிமை பெறலாம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நாளை உங்களுள் சிலர் சர்வரின் பொறுப்பை ஏற்கக்கூடும். உரிமை வழங்கும்போது, “இவர் நல்லவரா?” என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். “இவர் கை தவறினால் எவ்வளவு சேதம் விளையும்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை முதலில் உங்களைக் குறித்தே கேட்டுக்கொள்ளுங்கள்!