விசில் யார் கையில்?

ஏற்காட்டுப் பனி சுற்றுலா வருவோருக்கு அழகு. துவைத்த சீருடை காயாமல் தவிக்கும் விடுதி மாணவியருக்குத் தொல்லை. சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் அதே பனி எங்களுக்கு ஒரு பொய்யாகவும் பயன்பட்டது. அதைச் சொல்லிவிட்டுத்தான் எங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும்.

அன்று இல்லங்களுக்கிடையே கால்பந்துப் போட்டி. உடற்பயிற்சி ஆசிரியைக்கு வேறு வேலை வந்துவிடவே, பதினோராம் வகுப்பு மாணவியராகிய எங்களில் மூவரிடம் ஆட்டத்தை ஒப்படைத்துச் சென்றார். ஒருத்தி கையில் விசில். மற்ற இருவர் கையில் கொடி. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், கோலை நோக்கிச் சென்ற பந்தை எங்கள் நெருங்கிய தோழி கையால் தட்டிவிட்டாள். மூவருமே பார்த்தோம். விசில் ஒலிக்கவில்லை, கொடியும் உயரவில்லை. எதிரணித் தங்கைகள் ஓடிவந்து முறையிட்டபோது, "பனியில் சரியாகத் தெரியவில்லை" என்றோம். தெரிந்தது. அன்றிரவு உணவு மேசையில், வெற்றி பெற்ற எங்கள் தோழியாலும் எங்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இந்த உறுத்தலோடு இருந்த நாட்களில்தான் மார்கஸ் மெர்க் என்பவரைப் பற்றி அறிந்தோம். ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் நகரைச் சேர்ந்த இவர் தொழிலால் பல் மருத்துவர்; புகழால் கால்பந்து நடுவர். 2003இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்திலும், 2004இல் கிரீஸ் நாடு போர்ச்சுகலை வென்ற ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்திலும் விசில் இவர் கையில்தான் இருந்தது. தென்னிந்தியாவுக்கு வந்து ஏழைக் குழந்தைகளுக்குப் பல் மருத்துவம் செய்தவர், அவர்களுக்கு இல்லங்களும் பள்ளிகளும் அமையவும் துணை நின்றார். 2008இல் நடுவர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் வணிக நிறுவனங்களின் மேடைகளில் பேச்சாளரானார். அவர் பேசும் பொருள்களில் ஒன்று: முடிவெடுப்பது எப்படி?

தொழிலதிபர்களுக்கு விசில் ஊதியவர் என்ன சொல்லித் தர முடியும் என்று எண்ணலாம். 2001 மே 19ஆம் நாளை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அன்று ஜெர்மன் லீக்கின் கடைசி நாள். ஹாம்பர்க் நகரில் பயர்ன் மியூனிக் அணி 0–1 என்று பின்தங்கியிருந்தது. வேறோர் ஊரில் தம் ஆட்டத்தை வென்று முடித்திருந்த ஷால்கே அணியினர், பட்டம் தமக்கே என்று ஆனந்தக் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தனர். கூடுதல் நேரத்தில் ஹாம்பர்க் கோல்கீப்பர் தம் அணி வீரரிடமிருந்து வந்த பந்தைக் கையில் எடுத்தார். அப்படி எடுக்கக் கூடாது என்ற விதி 1992இலேயே வந்துவிட்டது. மெர்க் விசில் ஊதி ஃப்ரீ கிக் கொடுத்தார். அதில் கோல் விழுந்தது, ஆட்டம் சமன், பட்டம் மியூனிக்குக்குப் போயிற்று. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்ற வாதம் ஓயவேயில்லை. ஆனால் ஒன்று உறுதி. அந்த நடுவர், "எனக்குத் தெரியவில்லை" என்று பனிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை.

இன்று ஊக்க உரைகளுக்குக் குறைவில்லை. "உன்னால் முடியும்" என்று ஒலிபெருக்கியில் முழங்குவது எளிது. பலர் முன்னிலையில் நொடிப்பொழுதில் முடிவெடுத்து, அதன் விளைவையும் வசையையும் தாங்கிய ஒருவர் பேசும்போதோ சொல்லுக்கு எடை கூடுகிறது. இரண்டு அணிகளும் ஒற்றுமையாகத் திட்டுவது நடுவர் ஒருவரைத்தானே! அதைத் தாங்க வேண்டுமானால் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும் பக்குவம் வேண்டும். சிரிக்க வைக்கும் நடுவர் நம் தமிழ்நாட்டுக்குப் புதியவரும் அல்லர். பட்டிமன்ற மேடையில் பேராசிரியர் சாலமன் பாப்பையா அவர்கள் இரு அணியினரையும் கேலி செய்து, அவையைக் குலுங்கச் சிரிக்க வைத்து, முடிவில் தீர்ப்பையும் சொல்லக் கேட்டவர்கள்தாமே நாம்? சிரிப்பு எவ்வளவு இருந்தாலும் தீர்ப்புச் சொல்லாமல் எழுந்து போனால் அவர் நடுவர் ஆவாரா?

நடுவர் என்ற சொல்லே அழகானது. திருவள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அது மன்னருக்கும் நீதிபதிக்கும் மட்டும் உரியதன்று. உயிர்த்தோழியின் தவறு கண்ணெதிரே நடக்கும்போது பள்ளி மாணவிக்கும் உரியதே. "பெண்பிள்ளைகளுக்கு எதற்கு விசில்?" என்று கேட்போருக்கும் விடை உண்டு. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016இல் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் நடுவர் பட்டியலில் இடம் பெற்றார். 2022 டிசம்பர் 1ஆம் நாள், ஆண்கள் உலகக் கோப்பையில் ஜெர்மனி – கோஸ்டா ரிக்கா ஆட்டத்தை நடத்திய முதல் பெண் நடுவர் என்ற பெருமையைப் பிரான்சு நாட்டின் ஸ்டெபானி ஃப்ராப்பார் பெற்றார்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். நம் பள்ளியில் ஆடக் கற்றுத் தருகிறார்கள். நடுவராகக் கற்றுத் தருவதில்லை. ஏழாம் வகுப்பு முதலே ஒவ்வொரு மாணவியும் ஆண்டுக்கு ஓர் ஆட்டத்துக்காவது நடுவராக வேண்டும். விதிகளை முதலில் வகுப்பில் படிக்கட்டும். ஆசிரியை எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று கவனிக்கட்டும். ஆட்டம் முடிந்த பின் பிழைகளை எடுத்துச் சொல்லட்டும்.

சிறு பெண்கள் தவறாக ஊதுவார்களே, சண்டை வருமே என்று அருட்சகோதரிகள் அஞ்சக்கூடும். தவறு நிச்சயம் வரும். ஆனால் ஒரு கால்பந்துப் போட்டியில் செய்யும் தவறுக்கு விலை குறைவு. பிற்காலத்தில் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் குடும்பத்திலும் முடிவெடுக்க வேண்டிய நாளில்தான் முதன்முதலாகத் தவறு செய்து பழக வேண்டுமா? பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம்: விளையாட்டு விழாவில் உங்கள் மகளுக்கு எதிராக எங்கள் விசில் ஒலித்தால், தயவுசெய்து விசிலைக் கோபிக்காதீர்கள். "நான் தவறாக ஊதிவிட்டேன்" என்று உங்கள் மகளே வந்து சொன்னால், முதலில் தட்டிக்கொடுங்கள். அறிவுரை பிறகு வரட்டும்.

சென்ற ஆண்டு தோற்றுப்போன தங்கையரே, அன்று பனி இருந்தது உண்மை. ஆனால் அது மைதானத்தில் இல்லை, எங்கள் மனத்தில்தான் இருந்தது. அது பெனால்டிதான். எங்களை மன்னியுங்கள். அடுத்த ஆட்டத்தில் விசிலை நீங்கள் எடுங்கள். நாங்கள் தவறு செய்தால் தயங்காமல் ஊதுங்கள்.