அவிழ்த்துக் கட்ட ஒரு இடம்

போன சித்திரையில் பேரப்பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் மகளும் மருமகனும் சென்னையிலிருந்து வந்திருந்தாங்க. ராத்திரி சாப்பிட்டுட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மருமகன் செல்போனை நீட்டி, "மாமா, இதைப் பாருங்க. காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற வீடு. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கு. வெளிநாட்டுல லீவு விட்டா குடும்பத்தோட இதுல கிளம்பிடுறாங்க"ன்னார்.

"இது நம்ம கூண்டு வண்டிதானே மாப்ளே"ன்னேன்.

அவர் சிரிச்சார். நான் விளையாட்டுக்குச் சொல்லலை.

எங்களுடையது மானாவாரிக் கரிசல். புரட்டாசியில் விதைச்சா, மாசி பங்குனிக்குள்ள பருத்தியும் உளுந்தும் வீடு வந்து சேர்ந்துடும். அப்புறம் கோடை உழவைத் தவிர பெரிய வேலை கிடையாது. நான் சின்னப் பையனா இருந்தப்ப அந்த நாளில்தான் வண்டி கட்டுவாங்க. ஒருதடவை திருச்செந்தூருக்கே போனோம். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கோவில்பட்டி, எட்டயபுரம், தூத்துக்குடி வழியா சுமார் 120 கிலோமீட்டர். போக நாலு நாள், வர நாலு நாள். வண்டிக்குள்ள வைக்கோலைப் பரப்பி மேல சாக்கு விரிச்சிருக்கும். ஓரத்துல அரிசி மூட்டை, சட்டி பானை, புளிச்சோத்துத் தூக்கு. அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கிட்டே வரும். நாங்க நாலு பிள்ளைகளும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து தூங்குவோம்.

அதை ரொம்பப் பெருமையாப் பேசவும் எனக்கு வாயில்லை. வண்டியை நிறுத்தினா அப்பா மரத்தடியில் துண்டை விரிச்சுப் படுத்துடுவார். அம்மா மூணு கல்லைக் கூட்டி, சுள்ளி பொறுக்கி, எட்டுப் பேருக்குச் சோறாக்கணும். அம்மாவுக்கு அது ஊர் சுத்தினதா, அடுப்பு இடம் மாறினதா? கடைசிவரை நான் கேட்டதே இல்லை.

ஆனா அந்தப் பயணத்துல நிக்கிறதுக்கு இடம் இருந்தது. ரெண்டு பக்கமும் புளியமரம். மாட்டை அவிழ்த்துக் கட்டினா ஒரு கிணறு, பக்கத்துல தொட்டி. ஊருக்கு ஊர் ஒரு மடமோ சாவடியோ. பொம்பளையாளுக ஒதுங்க ஓடைக்கரை. ரோட்டுலயும் அவ்வளவு ஆள் நடமாட்டம் கிடையாது. முந்நூறு வருசத்துக்கு முன்னாடி ராணி மங்கம்மாள் சாலை போட்டதை எங்க பக்கம் இன்னமும் சொல்லுவாங்க. மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற மங்கம்மாள் சத்திரத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. ரோடு போட்டா, நடந்து வர்றவன் இளைப்பாற இடமும் வேணும்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு.

சரி, இந்த வருசக் கதைக்கு வர்றேன். மருமகன் காட்டின வண்டியை வாடகைக்கு எடுக்க நமக்குக் கட்டுப்படியாகாது. ஒரு வேன் பிடிச்சு, பதினாலு பேர் திருச்செந்தூர் போனோம். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். என் அக்காவும் வந்தது. அறுபது தாண்டிய உடம்பு, சுகர் வேற. சாத்தூர்ல வாங்கின வெள்ளரிப்பிஞ்சைப் பேரன் நீட்டினான், வேண்டாம்னுடுச்சு. தண்ணி பாட்டிலையும் தொடலை. வண்டியில வாந்தி வரும்னு பயப்படுதுன்னு நான் நினைச்சேன். திரும்பி வர்றப்ப ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தினோம். கக்கூஸ் பூட்டியிருந்தது, சாவி வச்சிருக்கிறவர் சாப்பிடப் போயிட்டாராம். எட்டயபுரம் தாண்டி வர்றோம், அக்கா அப்படியே சரிஞ்சுடுச்சு.

ஆஸ்பத்திரியில ரெண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏத்தினாங்க. உடம்புல நீரே இல்லைன்னார் டாக்டர். "ஏங்க்கா, மே மாச வெயில்ல ஒரு வாய்த் தண்ணி குடிக்கக் கூடாதா?"ன்னு சத்தம் போட்டேன். "குடிச்சா எங்கடா போறது?"ன்னு கேட்டுச்சு. என் மகளும் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவளும் குடிக்கலையாம். எங்க வீட்டுலயும் குடிக்கலையாம். வேனுல வந்த பொம்பளையாளுக ஒருத்தர்கூடக் காலையிலிருந்து சரியாத் தண்ணி குடிக்கலை. ஆம்பளைங்க நாங்க நாலு இடத்துல வேனை நிறுத்தி, வேலிக்கருவை ஓரமா நின்னுட்டு வந்தோம். எனக்கு ஐம்பத்தி நாலு வயசு. இது தெரிய இத்தனை வருசம் ஆகியிருக்கு.

இப்ப கேரவன் சுற்றுலான்னு பேசுறாங்க. கேரளாவுல 2021-லயே 'கேரவன் கேரளா'ன்னு கொள்கை அறிவிச்சாங்க. நம்ம தமிழ்நாடு 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் அது இருக்கு. நல்லதுதான், வேண்டாம்னு சொல்ல நான் யாரு? ஆனா கேரவன் வச்சிருக்கிறவனுக்கு அவன் கக்கூஸ் அவன்கூடவே வருது. லோடு ஆட்டோவில் வர்றவங்களுக்கு? ஆளை ஏத்தக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, சரியான சட்டம். இருந்தாலும் எங்க ஊர்ல பயர் ஆபீஸ் வேலைக்குப் போற பொம்பளையாளுக வருசம் முழுக்க மருந்து வாடையில உட்கார்ந்துட்டு, ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போறது அதுலதான். அவங்களுக்குச் சுற்றுலான்னா அந்த ஒருநாள்தான்.

டோல்கேட்டுல கக்கூஸ் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. நாலுவழிச் சாலையை விட்டு இறங்கினா என்ன இருக்கு? நாலுவழிக்காகப் புளியமரத்தை வெட்டினாங்க. அரளியை நடுவுல வச்சாங்க, அரளியடியில யார் உட்கார முடியும்?

சமைக்க இடமில்லாததும் சின்ன விசயமில்லை. 2023 ஆகஸ்ட் 26-ந்தேதி மதுரையில் லக்னோ யாத்ரீகர்கள் வந்த ரயில் பெட்டி எரிஞ்சதே, ஞாபகம் இருக்கா? ஒன்பது பேர் செத்தாங்க. திருட்டுத்தனமா ஏத்தி வந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம்னு ரயில்வே சொன்னது. அவங்க செஞ்சது தப்புதான். பட்டாசு ஊர்க்காரன் நான், மூடின பெட்டிக்குள்ள தீயை வச்சா என்ன ஆகும்னு எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனா குடும்பத்தோட நாள்கணக்கா வெளியே வர்றவங்க எங்கேயாவது உலை வைக்கத்தான் செய்வாங்க. இறங்கி உலை வைக்க ஒரு இடம் காட்டணும்ல? கேரவனுக்குப் பார்க் அமைக்கிற கையோட, கோயிலுக்குப் போற கிளை ரோட்டுல பத்து மைலுக்கு ஒண்ணுன்னு நிழல், தண்ணி, பூட்டாத கக்கூஸ் வச்சுக் கொடுங்க. அதைக் கழுவ ஒரு ஆள் போட்டு, அந்த ஆளுக்கு ஒழுங்காச் சம்பளமும் கொடுங்க.

எங்க புஞ்சை இருக்கன்குடி போற ரோட்டை ஒட்டி இருக்கு. ரெண்டு வேம்பு, ஒரு போர். போன ஆடியில ரெண்டு வேன்காரங்க நிறுத்திப் பொங்கல் வச்சுட்டுப் போனாங்க. "தண்ணி கொடுத்தா போதுமா?"ன்னு அக்கா கேட்டுச்சு. அதுவும் என் வீட்டுக்காரியும் சேர்ந்து ஒரு வாரமா என்னை விடலை. நேத்து கொத்தனார் வந்து வேம்புக்கு அந்தப் பக்கம் அளந்துட்டுப் போயிருக்கார். குழிக்கு எட்டு உறை வேணுமாம். கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளே வேண்டாம், உள்பக்கம் மட்டும் போடுங்கன்னு அக்கா அவர்கிட்ட ரெண்டு தடவை சொல்லிடுச்சு.