பூட்ஸும் வெறுங்காலும்

அமெரிக்க உள்நாட்டுப் போரை (1861–65) மைதானங்களில் மறுபடி நடித்துக் காட்டுகிறவர்கள் காலணி விஷயத்தில் மகா கறாரானவர்கள். 'ப்ரோகன்' என்கிற கணுக்கால் உயர முரட்டுத்தோல் பூட்ஸின் அடித்தோல் நூலால் தைத்ததா, மரமுளை அடித்ததா என்று புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ரப்பர் அடியோடு வருகிறவனை 'ஃபார்ப்' என்று எள்ளுவார்கள்.

கறார் கூடாதென்பதல்ல. குதியுயரம் மாறினால் நடை மாறும். நடை பொய்த்தால் மேலே போட்ட கம்பளிச் சட்டை வெறும் நாடக உடுப்பு. என் சண்டை வேறு. 1862 செப்டம்பரில் லீயின் படை மேரிலாந்துக்குள் நுழைந்தபோது ஏராளமானோர் வெறுங்காலோடு நடந்தார்கள். கப்பிச் சாலையில் பாதம் கிழிந்து பின்தங்கிய பலர் ஆண்டீட்டம் சண்டைக்கு வந்து சேரவே இல்லை. அந்தப் படையாக வேஷம் கட்டுகிறவர்கள் கச்சிதமான ப்ரோகனில் வந்து நிற்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. போருக்கு முன் தெற்குத் தோட்ட முதலாளிகள் தம் அடிமைகளுக்கான மட்டரக ப்ரோகன்களைப் பெருமளவில் மாசசூசெட்ஸ் பட்டறைகளிலிருந்தே தருவித்தார்கள். (அடிமை ஒழிப்புப் பிரசங்கம் உரக்க ஒலித்ததும் அதே மாநிலத்தில்தான்.) போர் வந்ததும் அந்த வரத்து நின்றது. முளைகளை எண்ணுகிற கண்களுக்கு அடிமையின் கால் தென்படுவதேயில்லை. காசு கொடுத்து வாங்கக்கூடியது மட்டுமே இவர்களுக்குச் சரித்திரம்.

வெறுங்காலில் நடந்தால் புண்ணாகும் என்பார்கள். 1862இலும் புண்ணாகத்தான் செய்தது. அது முடியாதென்றால் துல்லியம் என்ற வார்த்தையையாவது விட்டுவிடட்டும்.