ஆத்துல போன பாட்டும் செப்பேட்டில் நின்ற பாட்டும்

"ரேடியோக்காரன் கூட்டு சேர்ந்ததாலதான் கிராமபோன் தட்டு பிழைச்சுது"ன்னு மதியம் சாப்பிடும்போது ஆபீஸ் நண்பர் ஒருத்தர் அடிச்சு விட்டார். அங்கேயே சண்டை போட்டேன். ஆறலை. அதான் இந்தப் பதிவு.

பாதி உண்மைதான், ஒத்துக்கறேன். 1920கள்ல ரேடியோவில் ஓசியில பாட்டு வர ஆரம்பிச்சதும் தட்டு வியாபாரம் படுத்துடுச்சு. 1925-ல் மைக் வெச்சுப் பதியற மின்முறை வந்து குரல் தெளிவாச்சு. அதே வருஷம் அமெரிக்காவோட விக்டர் கம்பெனி, தன் கிராமபோன் பெட்டிக்குள்ளேயே ஆர்சிஏ ரேடியோவை வெச்சு விற்க ஒப்பந்தம் போட்டது. நம்ம ஊர் ரேடியோகிராமுக்கு முப்பாட்டன்!

நாலே வருஷம். 1929-ல் விக்டரையே ஆர்சிஏ மொத்தமா வாங்கிடுச்சு. பாட்டு மேல ஆசையா? ம்ஹூம். ரேடியோ செய்ய விக்டரோட கேம்டன் தொழிற்சாலை வேணும், விற்க அவங்க கடைகள் வேணும். பாட்டு, சீர்வரிசையோட வந்த பழைய பாத்திரம்.

அந்த கேம்டன், நான் குப்பை கொட்டற இதே நியூஜெர்சியிலதான் இருக்கு. 1960களோட தொடக்கத்துல அங்கே பழைய கிடங்கு ஒண்ணை வெடி வெச்சு இடிச்சாங்க. உள்ளே மூலத்தட்டுகள்! சேகரிப்பாளர்கள் சிலர் முன்னாடியே அள்ளிக்கிட்டது போக, மிச்சம் இடிபாட்டோட டெலவேர் ஆத்துல போச்சு.

இப்போ எங்க சித்தூர் பக்கம் வாங்க. பஸ் ஏறினா திருப்பதி. மேலே திருமலையில், அன்னமய்யா பாட்டுகளைச் செப்பேட்டில் வெட்டி கோயில் அறையில வெச்சாங்க. பல நூறு வருஷம் கழிச்சு எடுத்தப்பவும் சொல் நின்னுது, ராகத்தோட பேர் நின்னுது. அதுல சிலதை எம்.எஸ். பாடி, தேவஸ்தானத்தோட முயற்சியில, 1980 வாக்கில் எச்எம்வி இசைத்தட்டா வந்தது. எங்க வீட்டுத் தட்டு தேஞ்சே போச்சு.

"கோயிலும் மறந்துதானே போச்சு?"ன்னு கேட்பீங்க. மறந்தது சாமி, உடைக்கலை!

ஆனா அன்னமய்யா போட்ட மெட்டு? போனது போனதுதான். செப்பேட்டுக்கு மெட்டைப் பிடிச்சு வைக்கத் தெரியாது. குரலையும் மெட்டையும் சேர்த்துப் பிடிக்கத் தெரிஞ்சது இசைத்தட்டுக்குத்தான். அதுக்கே வெடி வெச்சா வயிறு எரியுமா எரியாதா?

கூட்டு சேரட்டும், லாபம் பார்க்கட்டும். ஆனா பெட்டி விக்கிறவன் கையில பெட்டகத்துச் சாவியைக் கொடுக்காதீங்க. இன்னிக்கு எல்லாப் பாட்டும் போன்ல கிடைக்குதேன்னு சந்தோஷப்படறவங்களும், மூலப்பதிவு யார் வீட்டு அறையில இருக்குன்னு ஒரு தடவை கேட்டு வைங்க.

நண்பரே, நாளைக்கு மதியம் பதிலோட வாங்க. சாப்பாடு என் செலவு :-)