சேற்றின்மேல் ஒரு பாதை

சதுப்பு நிலத்தின்மேற் பலகை பரப்பி நடப்பது மிகப் பழைய வழக்கம். இங்கிலாந்தின் சமர்செற் தாழ்நிலத்தில் 1970 ஆம் ஆண்டிலே பழம்பலகையொன்று வெளிப்பட்டது. மரத்தின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்த அறிஞர், அது கி.மு. 3807 - 3806 இல் அமைத்த நடைபாதையின் பகுதி எனக் கண்டனர். பாதையின் நீளம் ஏறக்குறைய 2 கிலோமீற்றர். முளைகளைப் பெருக்கற் குறிபோல நட்டு, அவற்றின் கவரிலே பலகையைக் கிடத்தியிருந்தனர். மனிதனின் காலைச் சேற்றினின்று காப்பதே அவர்தம் நோக்கம். இன்று நாம் அத்தகைய பாதையை அமைப்போமாயின், நோக்கம் நேர்மாறாதல் வேண்டும். சேற்றை மனிதனின் காலினின்று காத்தல் வேண்டும்.

இது புதுமையாகத் தோன்றலாம். திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதியிலே, நிலாவெளியைக் கடந்து குச்சவெளிப் பக்கம் செல்வோர் களப்புகளையும் உவர்நிலங்களையும் காண்பர். உமரிச் செடி படர்ந்த அந்நிலம் பயனற்ற வெளியன்று. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் தொட்டில் அது. அதன்மேல் மக்கள் ஓயாது நடப்பின் செடி நசியும், சேறு இறுகும், அடிச்சுவட்டில் தேங்கிய உவர்நீர் வற்றி உப்பை விட்டுச்செல்லும், பின்னர் அவ்விடத்தில் எதுவும் எளிதில் முளையாது. அருகேயுள்ள புறாமலைத் தீவு 2003 ஆம் ஆண்டு தேசிய பூங்காவாயிற்று. ஆயினும் பார்க்க வந்தோரின் கால்களே அங்குள்ள பவளப்பாறைகளை மிதித்துச் சிதைத்தன. காணவரும் கண்ணோடு காலும் வருகிறதல்லவா?

தமிழ்நாட்டின் முத்துப்பேட்டைக் கண்டற் காடுகளிலும், கொழும்பையடுத்த பெத்தகான ஈரநிலப் பூங்காவிலும் மரத்தாலாகிய நடைபாதைகள் உள்ளன. குச்சவெளியில் அவ்வாறொன்றை அமைப்பதானால் எவற்றைச் சிந்தித்தல் வேண்டும்?

முதலாவது நிழல். பாதையின் கீழ் வெயில் படாவிடிற் செடி மடியும். அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலே, சதுப்பின்மேல் அமையும் மேடையின் உயரம் அதன் அகலத்திற்குக் குறையலாகாது என்பதைப் பொது விதியாகக் கொண்டனர். 4 அடி அகலமாயின் உயரமும் 4 அடியாயினும் வேண்டும். பாதையின் திசையும் முக்கியமானது. குச்சவெளியில் ஞாயிறு சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி நடுவிலும் தலைக்கு நேரே செல்லும். கிழக்கு மேற்காக அமைந்த பாதையின் நிழல், அந்நாட்களிற் பகல் முழுவதும் அதன் அடியிலேயே கிடக்கும். வடக்குத் தெற்காக அமைத்தாலோ, நிழல் காலையில் மேற்கேயும் மாலையிற் கிழக்கேயும் நகர்ந்து எல்லாச் செடிக்கும் வெயிலைப் பங்கிடும்.

இரண்டாவது தூண். குழி தோண்டி நாட்டுதல் தகாது. சதுப்பின் கருஞ்சேற்றிலே பெரும்பாலும் கந்தகச் சேர்க்கைகள் உள. தோண்டிக் காற்றுப்பட விட்டால் அவை அமிலமாக மாறும். ஆகவே தூணை அழுத்தியோ அடித்தோ இறக்குவதே நன்று. காற்றுப் புகாத சேற்றில் மரம் எளிதில் உக்காது. சமர்செற் பலகை அதற்குச் சான்று. சேற்றுக்கு மேலே, நீரும் காற்றும் மாறிமாறிப் படும் பகுதியே முதலில் அழியும். மரந்துளைக்கும் கடற்புழுவும் அங்கேதான் தாக்கும். அமைத்து முடித்த பலகையின்மேல் நின்றே அடுத்த தூணை இறக்குவார்களாயின், வேலையாளின் காலும் சேற்றில் படாது.

மூன்றாவது நீர்மட்டம். திருகோணமலைக் கடலில் வற்றுப்பெருக்கின் ஏற்றத்தாழ்வு 3 அடிக்கும் குறைவு. அதனை மட்டும் அளந்து பாதை அமைப்போர் ஏமாறுவர். வடகீழ்ப் பருவமழையிற் களப்பு நிரம்பும் மட்டத்தையே கணக்கிற் கொள்ளல் வேண்டும். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையை இக்கரை கண்டது. 2020 டிசம்பரிற் புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கமாகவே கரைகடந்தது. நெருக்கமாய் அடைத்த தளத்தை எழும் நீர் கீழிருந்து தூக்கிவிடும். பலகைகளுக்கிடையே இடைவெளி விட்டால் வெயில் கீழே இறங்கும், வெள்ளமும் மேலே வழிந்து வெளியேறும்.

இவையனைத்தையும் விட முதன்மையான ஒன்றுண்டு. களப்பிலே வீச்சுவலையுடன் இறங்குவோரும் வள்ளம் தள்ளிச் செல்வோரும் நெடுங்காலமாக நடந்துவரும் தடங்கள் அங்கே உள. அத்தடங்களைத் தூண்கள் மறிக்குமாயின், பார்க்க வருவோரின் இன்பத்திற்காக அங்கே பிழைப்போரின் வயிற்றில் அடித்தவராவோம். ஓடை குறுக்கிடும் இடங்களில், வள்ளத்தில் நிற்பவர் தலை குனியாது செல்லும் அளவிற்குப் பாதையை உயர்த்துதல் வேண்டும். வரைபடம் தீட்டுமுன் அவர்களை அழைத்து, எவ்விடம் எம்மாதத்தில் ஆழமாகும் என்று கேட்பது பொறியியலாளருக்கு இழுக்கன்று. அவர்களிலும் அதனை நன்கறிந்தவர் யார்?

மாணவர்கள் வீட்டு முற்றத்திலே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரு பலகைகளை, அவற்றின் அகலத்திற்குச் சமமான உயரத்திற் புல்லின்மேல் நிறுத்துங்கள். ஒன்று வடக்குத் தெற்காகவும் மற்றையது கிழக்கு மேற்காகவும் இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து இரண்டையும் எடுத்து, கீழேயுள்ள புல்லின் நிறத்தை ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள்.