பிந்திய திருத்தம்

பத்திரிகைத் தொழிலில் ஐம்பது ஆண்டுகளைக் கழித்தவன் செய்த பிழைகளுக்குக் கணக்கு இராது. ஊர்ப் பெயரைத் தவறாகப் போட்டிருக்கிறேன். உயிரோடு இருந்த ஒருவரை 'அமரர்' ஆக்கியிருக்கிறேன். அவற்றுக்கெல்லாம் அடுத்த நாளோ அடுத்த வாரமோ திருத்தம் வெளியிட்டு வருத்தமும் தெரிவித்தோம். ஒரே ஒரு பிழைக்கு மட்டும் நான் திருத்தம் வெளியிடவில்லை. அதை இன்று எழுதுகிறேன்.

அது 1974 ஆம் ஆண்டு. கொழும்பில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வாரப் பதிப்பின் மகளிர் பக்கத்தில் அடியில் இரண்டு அங்குல இடம் வெறுமையாக இருந்தது. அச்சுக் கோப்பவர் அவசரப்படுத்தினார். என் ஆச்சி ஊரில் சொல்லக் கேட்டிருந்ததை நினைவிலிருந்து எடுத்து ஒரு பெட்டிச் செய்தியாக எழுதிக் கொடுத்தேன். வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு நோவு வரத் தாமதமானால் ஆமணக்கெண்ணெய் கொடுக்கலாம், வயிறு இளகி நோவு கண்டுவிடும் என்பதே அதன் சாரம். எத்தனையாம் மாதத்தில் என்று எழுதவில்லை. எவ்வளவு என்றும் எழுதவில்லை. யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது எனக்கே தெரியாது. எனக்கு வயது இருபத்து நான்கு. திருமணமும் ஆகவில்லை.

மூன்று வாரங்களின் பின்னர் வன்னியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அரசாங்க மருத்துவமாது. தமது பகுதியில் தலைப்பிள்ளை சுமந்திருந்த ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதம் முடியும் முன்னரே மாமியார் எங்கள் பத்திரிகையைப் பார்த்து எண்ணெய் கொடுத்துவிட்டார். இரவு முழுவதும் வயிற்றோட்டமும் வாந்தியும். விடியற்காலையில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் பதினொரு மைல் தொலைவிலிருந்த வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்களாம். தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்த அந்த அம்மா, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "தம்பி, இனிமேல் போடுறதெண்டால் எத்தனையாம் மாதம் எண்டாவது போடுங்கோ."

நான் அந்தக் கடிதத்தை ஆசிரியரிடம் காட்டவில்லை. புதிய வேலை போய்விடுமோ என்ற பயம். மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். திருத்தமும் வரவில்லை.

சென்ற ஆண்டு ரொறன்ரோவிலிருந்து என் தங்கையின் மகள் தொலைபேசியில் பேசியிராவிட்டால் இதை எழுதத் துணிந்திருப்பேனோ தெரியாது. முதற் பிள்ளை, 39 வாரங்கள் முடிந்து சில நாட்கள். பேறு பார்க்கவென வருகை விசாவில் போயிருந்த தாய்க்குத் திரும்பும் நாள் நெருங்குகிறது. நாளுக்குப் பத்துப் பேர் "இன்னும் இல்லையோ?" என்று கேட்கிறார்கள். கைத்தொலைபேசிக்கு ஒரு பட்டியல் வந்திருக்கிறது: அன்னாசி, பேரீச்சம்பழம், உறைப்புக் கறி, மாடிப்படி ஏறி இறங்கல், கடைசியாக ஆமணக்கெண்ணெய். "மாமா, எண்ணெய் குடிச்சால் பிழையோ? உங்கட ஆச்சியும் குடுக்கிறவவாம் எண்டு அம்மா சொல்லுறா" என்றாள்.

இழுப்பறை தானாகத் திறந்துகொண்டது போலிருந்தது.

இனி விடயத்துக்கு வருவோம். வைத்தியர் குறித்துக் கொடுக்கும் நாள் ஒரு மதிப்பீடே. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள் என்ற கணக்கு, ஜெர்மனிய மகப்பேற்று வைத்தியர் நேகெலெயின் பெயரால் வழங்குவது. ஆயினும் குறித்த அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்து மட்டுமே. 39 வாரம் தொடங்கி 40 வாரமும் ஆறு நாளும் முடியும் வரை முழுமாதப் பேறு என்றே மருத்துவம் இன்று கொள்கிறது. ஆகவே 40 வாரமும் மூன்று நாளும் ஆன பெண் 'பிந்திவிட்டவள்' அல்லள். அவளைப் பிந்திவிட்டவள் ஆக்குவது நமது விசாரிப்புத்தான்.

பட்டியலில் உள்ளவற்றைப் பார்ப்போம். நடப்பதும் படி ஏறுவதும் உடலுக்கு நல்லவை. ஆனால் அவற்றால் நோவு தொடங்கும் என்பதற்குத் திடமான சான்று இல்லை. தாம்பத்திய உறவைப் பற்றி மலேசியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2013 இல் வெளிவந்த ஆய்வு, அதனால் நோவு முந்தி வரவில்லை என்றே கண்டது. மூன்றாம் மாதத்தில் 'கரு கலைந்துவிடும்' என்று நாம் விலக்கும் அன்னாசியை ஒன்பதாம் மாதத்தில் தேடிக் கொடுப்பது வேடிக்கை. உண்ணும் அளவிலான அன்னாசி இரண்டையும் செய்வதாக நிறுவப்படவில்லை.

பேரீச்சம்பழத்துக்குச் சற்று நல்ல பெயர் உண்டு. ஜோர்தானில் நடந்து 2011 இல் வெளிவந்த ஆய்வில், கடைசி நான்கு வாரங்கள் நாளுக்கு ஆறு பழம் உண்ட 69 பெண்களில் நூற்றுக்கு 96 பேருக்கு நோவு தானாகக் கண்டது. உண்ணாத 45 பெண்களில் நூற்றுக்கு 79 பேருக்கே அவ்வாறு கண்டது. ஆனால் அது சிறிய ஆய்வு. குலுக்கல் முறையில் பெண்களைப் பிரித்து நடத்தப்பட்டதுமன்று. அதோடு, பழம் நாலு வாரம் உண்ண வேண்டியது. இன்றிரவு உண்டு நாளை பெறுவதற்கானதன்று. கர்ப்பகாலச் சர்க்கரை நோய் நம் பெண்களிடையே அதிகம் என்பதால், அது உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

ஆமணக்கெண்ணெய் வேறு வகை. ஆச்சி சொன்னது வெறும் மூடநம்பிக்கை அன்று. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்து வைத்தியசாலைகளிலேயே எண்ணெய், வெந்நீர்க் குளிப்பு, குடல் கழுவல் என மூன்றையும் செய்து நோவு கிளப்பினார்கள். 2012 இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் அதன் சூட்சுமத்தையும் எலிகளில் கண்டறிந்தனர். எண்ணெயிலிருந்து குடலில் பிரியும் ரிசினோலெயிக் அமிலம், குடற் தசையையும் கருப்பைத் தசையையும் ஒரே வகை வாங்கியின் வழியாகச் சுருங்கச் செய்கிறது. 2013 இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு மூன்று ஆய்வுகளில் பங்கேற்ற 233 பெண்களின் விபரங்களைத் தொகுத்து, எண்ணெய் நோவைத் தொடக்கும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. ஆனால் அதைக் குடித்த பெண்கள் அத்தனை பேருக்கும் குமட்டல் ஏற்பட்டதைப் பதிவு செய்தது.

நான் சொல்ல வருவது இதுதான். பயனற்ற கைவைத்தியம் பெரும்பாலும் தீங்கற்றது. பயன் உள்ளது எதுவோ அது மருந்து. மருந்துக்கு அளவும் நேரமும் உண்டு. அருகிலிருந்து பார்க்க ஓர் ஆளும் வேண்டும். கருப்பையைச் சுருக்கும் எந்தப் பொருளும் குழந்தைக்குப் போகும் இரத்தத்தையும் அந்தச் சுருக்கத்தின்போது குறைக்கிறது. இடைவெளி இல்லாமல் சுருங்கினால் குழந்தை மூச்சுத் திணறும். முன்னர் சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவளுக்குப் பழைய தழும்பு கிழியவும் கூடும்.

இது வரலாறு கற்பித்த பாடம். றை எனப்படும் ஐரோப்பியத் தானியத்தில் வளரும் எர்கொட் என்னும் பூஞ்சணத்தை அந்நாட்டு மருத்துவிச்சிகள் நெடுங்காலம் பயன்படுத்தினர். 1808 இல் நியூயோர்க் மாநிலத்து வைத்தியர் ஜோன் ஸ்ரேர்ன்ஸ் அதைப் பேற்றை விரைவுபடுத்தும் மருந்தாக ஏனைய வைத்தியர்களுக்கு அறிமுகம் செய்தார். பலரும் அவசரத்துக்கு அள்ளிக் கொடுத்தனர். இறந்து பிறக்கும் குழந்தைகள் பெருகியதைக் கண்ட நியூயோர்க் வைத்தியர் டேவிட் ஹொசாக், 1820களில் இதைப் பேற்றுக்கான தூள் என்பதை விட மரணத்துக்கான தூள் என்பதே பொருந்தும் என எச்சரித்தார். அதே எர்கொட்டிலிருந்து 1935 இல் பிரித்தெடுக்கப்பட்ட எர்கோமெற்றின், பிள்ளை பிறந்த பின் இரத்தப் பெருக்கை நிறுத்தி எத்தனையோ தாய்மாரைக் காத்தது. நேரம் மாறியபோது நஞ்சு மருந்தாயிற்று. 1953 இல் டு விக்னோ செயற்கையாக ஆக்கி, 1955 இல் நோபல் பரிசு பெற உதவிய ஒக்சிற்றோசினையும் வைத்தியசாலையில் துளித் துளியாகத்தான் ஏற்றுகிறார்கள். குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்தபடியேதான் ஏற்றுகிறார்கள். அதைக் கரண்டியால் அளந்து அடுப்படியில் கொடுக்க எவரும் துணிவதில்லை. எண்ணெய்க்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

நிற்க. 'பொறுத்திருங்கள், எல்லாம் தானாக நடக்கும்' என்று மட்டும் சொல்லி முடிப்பதும் இன்னொரு பிழையான பெட்டிச் செய்தியாகிவிடும். பொறுமைக்கும் எல்லை உண்டு. 41 வாரங்களைக் கடந்தால் நஞ்சுக்கொடியின் ஆற்றல் குறைந்து, குழந்தைக்கு ஆபத்துக் கூடத் தொடங்கும். சுவீடனில் 41 வாரத்தில் நோவு தூண்டுவதையும் 42 வாரம் வரை காத்திருப்பதையும் ஒப்பிட்டு 2019 இல் வெளிவந்த ஆய்வு இடைநடுவில் நிறுத்தப்பட்டது; காத்திருந்த பிரிவில் ஆறு குழந்தைகள் இறந்தன, மற்றதில் ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 41 வாரத்தைக் கடந்தவர்களுக்குத் தூண்டலைப் பரிந்துரைக்கிறது. கைவைத்தியத்தின் பெரிய தீங்கு அதன் பக்கவிளைவு மட்டுமல்ல. 'இன்றைக்கு இதைக் கொடுத்துப் பார்ப்போம், நாளைக்கு அதை' என்று நாட்களைக் கடத்தி, வைத்தியசாலைக்குப் போக வேண்டிய வேளையைத் தவறவிடச் செய்வதும் அதுவே. குழந்தையின் அசைவு குறைந்தாலோ, பன்னீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் கண்டாலோ, கடுந் தலையிடியோடு கண் மங்கினாலோ எந்தக் கஷாயமும் வேண்டாம். உடனே புறப்பட வேண்டும்.

இதை நம் நாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். 1857 இலேயே மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழில் பெயர்த்துத் தந்த வைத்தியர் கிறீன் மானிப்பாயில் வாழ்ந்தார். 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2000 அளவில் தாய்மார் இறந்தனர். இன்று அது 30 அளவில் நிற்கிறது. அந்த மாற்றத்தில் வைத்தியசாலைகளுக்கும் புதிய மருந்துகளுக்கும் உள்ள பங்கைப் போலவே, ஒழுங்கையெல்லாம் சைக்கிளில் போய் வீட்டுக் கதவைத் தட்டிய மருத்துவமாதுகளுக்கும் பெரும் பங்கு உண்டு. எனக்குக் கடிதம் எழுதியவர் அவர்களுள் ஒருவர்.

ஆச்சிமாரை நான் பழிக்கவில்லை. வைத்தியசாலை பதினொரு மைலுக்கு அப்பால் இருந்த காலத்தில் பேறு பிந்தினால் என்ன நேரும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். நம் கையில் இன்று வேறு இருக்கிறது.

மருமகளுக்கு நான் சொன்னது சுருக்கம்: "பிள்ளை, எண்ணெய் வேண்டாம். உன்னைப் பார்க்கிற டொக்டரிட்டை இந்தப் பட்டியலை அப்பிடியே காட்டு. பிள்ளை துடிக்கிறதைக் கவனி. கோல் எடுக்கிற ஆக்களுக்குப் பதில் சொல்லாதை." தங்கையிடம், பேத்திக்காக நாள் குறிக்காமல் விசாவை நீடிக்க விண்ணப்பிக்கும்படி சொன்னேன். 40 வாரமும் ஐந்து நாளும் ஆனபோது நோவு தானாகவே கண்டது. பெண் குழந்தை.

திருத்தம்: 1974 ஆம் ஆண்டு மகளிர் பக்கத்தில் ஆமணக்கெண்ணெய் பற்றி வெளியான குறிப்பு தவறானது. நோவு வருவதற்காக எந்த மாதத்திலும் அதை வீட்டில் கொடுக்க வேண்டாம். சுட்டிக்காட்டிய மருத்துவமாது அம்மாவுக்கு நன்றி. அந்தத் தாயிடமும், இன்று ஐம்பது வயதைத் தாண்டியிருக்கக் கூடிய அந்தப் பிள்ளையிடமும் மன்னிப்புக் கோருகிறேன்.